வெடியால தும்மல், மழை மாசத்துல சளி: வீட்டுக்குள்ள எதை மாத்தோணும்?

பல்லடத்தான்:
நேரா கேள்விக்கே வந்தர்றேனுங்க. வெடியால எந்திரிச்சதும் வரிசையா தும்மல், மூக்குல தண்ணியா ஒழுகுது, மூக்கும் அண்ணமும் அரிப்பு. காய்ச்சல் கெடையாது. வெயில் ஏற ஏற அடங்கிருது. ஐப்பசி, கார்த்திகையில இதுவே கெட்டிச் சளியாகி, நெத்தி வலி, இருமல்னு இழுக்குது. ஓட்டு வீடு, இலவம்பஞ்சு மெத்தை, ஒரு பக்கம் விசைத்தறி, பின்னால மாடு கட்டுற கட்டுத்தாரையும் தென்னந்தோப்பும். மாத்திரை பேரு வேண்டாமுங்க. வீட்டுல எதை மாத்தினா குறையும், எதை முதல்ல மாத்தோணும்? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மூச்சுப்பிரிவு செவிலி (கோவை):
அண்ணா, அரிப்பு, வரிசைத் தும்மல், தண்ணி மாதிரி ஒழுக்கு, காய்ச்சல் இல்லை: இந்த நாலும் சேர்ந்தா பெரும்பாலும் அலர்ஜிதான். வைரஸ் சளின்னா தொண்டை கரகரப்பு, உடம்பு வலியோட ஆரம்பிச்சு 7 முதல் 10 நாளில் தானா இறங்கிரும்.

உங்க வெடியாலத் தும்மலும் மழை மாசத்துச் சளியும் தனித்தனி நோய் மாதிரி தெரிஞ்சாலும் ஒண்ணு இன்னொண்ணுக்கு வழி விடுது. கன்னம், நெத்தி எலும்புக்குள்ள இருக்கிற சைனஸ் அறைகள் மூக்குக்குள்ள திறக்கிற வாசல் ரொம்பச் சின்னது. அலர்ஜியில மூக்குத் தோல் வீங்கினா அந்த வாசல் அடைபட்டு, உள்ளே ஊறுற சளி தேங்குது. தேங்கின இடத்துல கிருமி பெருகுது. அதனால மழை மாசத்துச் சளிக்கு மட்டும் மருந்து தேடிட்டு இருந்தா தீராது. வருசம் பூரா இருக்கிற வீக்கத்தைக் குறைக்கோணும்.

வெடியாலதான் அதிகம்னு சொல்றீங்க. அப்ப முதல் சந்தேகம் படுக்கை மேல. மெத்தைத் தூசியில கண்ணுக்குத் தெரியாத சிலந்தி இனத்துப் பூச்சி இருக்கு, தூசிப் பூச்சின்னு சொல்றது. அது கடிக்காது. நம்ம உடம்புல இருந்து உதிர்ற தோல் துகளைத் தின்னும். தொந்தரவு அதோட எச்சத்துல. அதுல இருக்கிற புரதம் மூக்குத் தோலின் செல்களுக்கு நடுவுல இருக்கிற இணைப்பையே அரிச்சு உள்ளே போகக்கூடியது. ராத்திரி 7, 8 மணி நேரம் மூஞ்சியை அதுமேலயே வெச்சுப் படுக்கிறோம்.

செய்ய வேண்டியது:

தலையணை உறை, விரிப்பு, போர்வை வாரம் ஒரு தடவை 60 டிகிரி வெந்நீர்ல. பச்சைத் தண்ணியில துவைச்சா எச்சம் போகும், பூச்சி சாகாது. மெஷின்ல 60-னு ஒரு செட்டிங் இருந்தா அது போதும். இல்லைன்னா கொதிக்கிற தண்ணி ஒரு பங்கு, குழாய்த் தண்ணி ஒரு பங்கு கலந்தா 60-ஐ ஒட்டி வந்துரும். அதுல துணியை முக்கி, மூடி போட்டு 20 நிமிசம் விடுங்க. குழந்தைங்க கிட்ட வராம பாத்துக்கோணும்.

மெத்தைக்கும் தலையணைக்கும் ஆறு பக்கமும் மூடி ஜிப் போடற உறை. துணியின் கண் 10 மைக்ரானுக்குக் கீழ இருக்கோணும். மேலாப்புல எலாஸ்டிக் வெச்சு மாட்டுற விரிப்பு இதுக்கு ஆகாது. ஒண்ணு சொல்லிடறேன்: உறை மட்டும் போட்டுட்டு மத்ததை விட்டா பலன் தெரியாது. 2003-ல வந்த பெரிய ஆய்வுகளிலேயே அப்படித்தான் முடிவு. உறை, வெந்நீர், ஈரப்பதம் மூணும் சேர்ந்து போகோணும்.

பழைய இலவம்பஞ்சு மெத்தையைத் திரும்ப அடிச்சு ரொப்புறதைத் தயவு செஞ்சு வீட்டுல வெச்சுப் பண்ணாதீங்க. பத்து வருசத்துத் தூசியும் காத்துல கலந்துரும்.

சாளைக்காரர் (தாராபுரம்):
வெயில்ல போட்டா பூச்சி செத்துராதுங்களா? நம்ம பக்கம் மெத்தை, ஜமக்காளம் எல்லாம் பங்குனி, சித்திரையில களத்துல போட்டு எடுக்கிறதுதானே வழக்கம்.

மூச்சுப்பிரிவு செவிலி (கோவை):
வழக்கம் நல்ல வழக்கம்தானுங்க. வெயில்ல ஈரம் வத்துது, ஈரம் இல்லாம அந்தப் பூச்சி பிழைக்காது. ஆனா கனமான மெத்தையில மேல்பக்கம் சூடானதும் பூச்சி அடிப்பக்கத்துக்கு இறங்கிரும். மதியம் ஒரு தடவை திருப்பிப் போடோணும். செத்தாலும் எச்சமும் பூச்சியோட உடம்பும் உள்ளேயேதான் கிடக்கும், அதுவும் தும்மல் வரவெக்கும். அதனால பொழுதோட உள்ளே எடுக்கறதுக்கு முன்னால வெளியவே நல்லாத் தட்டுங்க. தட்டுறவர் தும்மல்காரரா இருக்க வேண்டாம்.

பவானி ஜமக்காளம் துவைக்கச் சிரமம். தினம் படுக்கிறதுக்குச் சென்னிமலை போர்வை மாதிரி மெல்லிசு பருத்தி வெச்சுக்கிட்டு, ஜமக்காளத்தை ஒறம்பரை (விருந்தாளி) வந்தா மட்டும் எடுங்க.

ஏசி மெக்கானிக் (ஈரோடு):
ஈரப்பதத்தைப் பத்தி நான் சொல்றேன். சின்ன டிஜிட்டல் ஈரப்பத மானி சில நூறு ரூபாய்க்குக் கெடைக்குது. படுக்கிற ரூம்ல ஒண்ணு வெச்சுப் பாருங்க. 50 சதவீதத்துக்குக் கீழ இருந்தா தூசிப் பூச்சி பெருகாது. 60-க்கு மேல போனா சுவத்துல பூஞ்சையும் சேர்ந்துக்கும்.

சித்திரையில எல்லாரும் ஏர் கூலர் ஓட்டுறாங்க. கதவு, சன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு ஓட்டினா ரூம் முழுக்க ஈரமாகும். கூலருக்கு எதிர்ப்பக்கத்துச் சன்னல் கண்டிப்பா திறந்திருக்கோணும். தொட்டித் தண்ணியை வெடியால கொட்டிட்டு, வாரம் ஒருக்கா தேய்ச்சுக் கழுவிக் காய வெக்கோணும். கூலர்ல தண்ணி ஊறுற பேட்ல சேத்து வாடை வந்துட்டா கழுவிப் பிரயோசனம் இல்ல, மாத்திருங்க. சீசன் முடிஞ்சு மூலையில வெக்கறப்ப ஈர பேட்டோட வெச்சா அடுத்த வருசம் முதல் நாளே பூஞ்சை விதையை ரூம் பூரா ஊதும். பாதி வீட்டுல நடக்கிறது இதுதான்.

ஏசின்னா வடிகட்டி வலையை ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா குழாயில கழுவி நிழல்ல காய வெச்சு மாட்டுங்க. வலை சுத்தமா இருந்தும் வாடை வந்தா, உள்ளே தண்ணி வடியிற தட்டுல பாசி கட்டியிருக்கும். மழைக்காலத்துல ஏசியில ஈரத்தை இழுக்கிற டிரை மோடு ஒரு மணி நேரம் ஓட்டினாலே ஈரப்பதம் நல்லா இறங்கும்.

ஃபேன் ரெக்கைத் தூசிக்குச் சுலப வழி: பழைய தலையணை உறையை ரெக்கைக்குள்ள முழுசாச் சொருகி, அழுத்தி வெளியே இழுங்க. தூசி கட்டில்ல விழாம உறைக்குள்ளயே வந்துரும்.

நொய்யல்கரை:
காத்து சுத்திகரிப்பான் வாங்கலாமுங்களா?

ஏசி மெக்கானிக் (ஈரோடு):
நுண்தூசியைப் பிடிக்கிற ஹெபா வடிகட்டி இருக்கிறது புகை, மகரந்தம், பூனை முடித் தூசிக்கு உதவும். தூசிப் பூச்சி எச்சம் கனமானது. படுக்கையை உதறினா கொஞ்ச நேரம் பறந்துட்டுக் கீழ படிஞ்சுரும், மெஷின் வரைக்கும் வராது. பல்லடத்தான் கேட்ட கேள்விக்கு அந்தக் காசை மெத்தை உறைக்குப் போடறது மேல். ‘அயனைசர்’, ‘ஓசோன்’னு எழுதியிருக்கிறதை மட்டும் வாங்காதீங்க, ஓசோன் மூச்சுக்குழாயை எரிக்கும்.

மில் சேப்டி (அவிநாசி):
விசைத்தறி பக்கத்துல இருக்குன்னீங்க. தறிக்கூடத்துப் பஞ்சுத்தூசி நூல் இழையும் கஞ்சிமாவுத் தூளும் கலந்தது. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேக்க இருந்து அடிக்கும், அப்ப தறி எந்தத் திசையில இருக்குன்னு பாருங்க. தறி மேக்க இருந்தா அந்தப் பக்கத்துச் சன்னலுக்கு மெல்லிசான வலை அடிச்சு, வலையை வாரம் ஒருக்கா ஈரத்துணியில தொடைக்கோணும். ஆடியில சன்னலைச் சாத்திட்டுக் கெழக்குப் பக்கம் திறந்தா போதும்.

வீட்டுல யாராச்சும் மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ போறாங்கன்னா, வேலைத் துணியோட படுக்கிற ரூமுக்குள்ள வரக்கூடாது. முன்பக்க ஆசாரத்துலயே (கூடம்) கழட்டித் தனி வாளியில போடோணும். தலையில படிஞ்ச பஞ்சு தலையணைக்கு வந்துரும், அதனால ராத்திரி தலையை அலசி, துவட்டிக் காய வெச்சுட்டுப் படுக்கறது நல்லது.

ஒண்ணை மட்டும் பிரிச்சுப் பாருங்க. லீவு முடிஞ்சு வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுக்கம், இருமல், வாரக் கடைசியில குறையிதுன்னா அது மூக்கு அலர்ஜி இல்லை. பிசினோசிஸ்னு பருத்தித்தூசி நோய். பஞ்சு உடைக்கிற புளோரூம், பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பக்கம்தான் அதிகம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலயே இடம்பெற்ற நோய், மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டியது. மூக்குக்குச் சொட்டு விட்டுட்டு இருக்காம ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) ஆஸ்பத்திரியில நுரையீரல் ஊதல் பரிசோதனை கேளுங்க. கர்ச்சீப் கட்டறது நுண்ணிய தூசியை நிறுத்தாது. என்95 முகக்கவசம், மூக்குப் பட்டையை அழுத்திப் போட்டாத்தான் பலன்.

சாளைக்காரர் (தாராபுரம்):
தோட்டத்துப் பக்கம் நான் சொல்லலாம். மழை பேஞ்சு பத்து நாள்ல பார்த்தீனியம்ங்கற களைச்செடி எழும்பிரும். வெள்ளையா சின்னப் பூ வர்றதுக்கு முன்னாலயே, மண்ணு ஈரமா இருக்கறப்ப, கைக்கு உறை போட்டு வேரோட புடுங்கோணும். பூத்த பின்னால புடுங்கினா மகரந்தம் மூஞ்சியிலதான் கொட்டும். வெறுங்கையில புடுங்கினா தோலும் அரிச்சு வெடிக்கும். பூக்காததை எருக்குழியில போடலாம், பூத்ததைப் போட்டா அடுத்த வருசம் காடு பூரா முளைக்கும். பாதையோரம், தரிசுன்னா லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பு, கொஞ்சம் சோப்புத் தண்ணி கலந்து வெயில்ல அடிச்சாக் கருகும். வெள்ளாமை நிலத்துல உப்பு அடிக்காதீங்க, மண்ணு கெட்டுரும்.

வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்) மகரந்தமும் ஆகாது. வேலியோரம் இருந்தா வெட்டினா பத்தாது, கட்டையைத் தோண்டோணும்.

கட்டுத்தாரையில நனைஞ்ச சோளத்தட்டுப் போர்தான் பெரிய வில்லங்கம். உள்ளே வெண்பூஞ்சை பிடிச்ச தட்டை உதறுனா மூக்கு மட்டும் இல்ல, நெஞ்சே அடைக்கும். தண்ணி தெளிச்சுட்டு, காத்துக்கு முதுகைக் காட்டிட்டு எடுக்கோணும்.

மருந்தாளுநர் (கோபி):
புகையை யாருமே சொல்லலை. தண்ணி காய வெக்கிற அடுப்புல தென்னை மட்டை, தேங்காய்த் தொட்டி எரிச்சாக்கூடப் பரவாயில்ல, பனியன் வேஸ்ட்டைப் போட்டு எரிக்கிறாங்க. அதுல பாலியஸ்டரும் எலாஸ்டிக்கும் கலந்திருக்கும். அடுப்பு வீட்டுச் சுவத்தை ஒட்டி இருந்தா புகை ஓட்டுச் சந்து வழியா உள்ளேதான் வரும்.

கொசுவத்திச் சுருள் ஒண்ணு முழுசா எரிஞ்சா வெளிவிடுற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம்னு 2003-ல அளந்திருக்காங்க. மூக்கு அலர்ஜி இருக்கிற வீட்டுல சுருளுக்குப் பதில் கொசுவலைதான். அந்த வலையையும் மாசம் ஒருக்கா துவைக்கோணும், தூசி அடையிறதுல அது மெத்தைக்கு அண்ணன்.

குழந்தைக்குத் தலை ஊத்தி சாம்பிராணி போடறது நம்ம ஊர்ல விடாத பழக்கம். முடி காயறதுக்குத் துண்டு போதும். மூடுன ரூம்ல கைக்குழந்தையைப் புகைக்கு மேல பிடிச்சா மூச்சுக்குழாய் வீங்கும். குழந்தை மூக்குல எண்ணெய் விடறது, வாயால ஊதறது ரெண்டும் அறவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள்ள போனா வெளியே வராது, நிமோனியா ஆகும்.

மாத்திரை பேரு வேண்டாம்னீங்க, ஆனா ஒரு சொட்டு மருந்தைப் பத்திச் சொல்லாம விட முடியாது. அடைப்பை ரெண்டே நிமிசத்துல எடுக்கிற ஆக்சிமெட்டாசொலின், சைலோமெட்டாசொலின் சொட்டு 5 நாளைக்கு மேல வேண்டாம். அதுக்கு மேல போனா மருந்து இறங்குறப்ப எல்லாம் முன்னைவிட அதிகமா வீங்கும், சொட்டு இல்லாம தூங்கவே முடியாத நிலை வரும். வருசக்கணக்கா அந்தச் சின்ன பாட்டிலை வாங்கிட்டுப் போறவங்க எல்லாக் கடையிலயும் உண்டு.

டாக்டர் எழுதிக் கொடுக்கிற ஸ்டீராய்டு ஸ்பிரே வேற ரகம். நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் தெரியும், முழுப் பலனுக்கு ரெண்டு வாரம். ‘ஒரு நாள் அடிச்சேன், கேக்கலை’ன்னு நிறுத்தறதுதான் பொதுவா நடக்கிற தப்பு. வலது கையில பிடிச்சு இடது மூக்கு, இடது கையில பிடிச்சு வலது மூக்கு. முனை காதுப் பக்கம் பாத்து இருக்கோணும். நடுத்தண்டு மேல அடிச்சா ரத்தம் வரும். அடிச்சதும் பலமா உறிஞ்சினா மருந்து தொண்டைக்குப் போயிரும்.

நொய்யல்கரை:
உப்புத் தண்ணி விட்டு மூக்கு கழுவறதைப் பத்தி யாராச்சும் அளவோட சொல்லுங்க. ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்றாங்க.

மூச்சுப்பிரிவு செவிலி (கோவை):
மத்த எதையும்விட இதைக் கவனமாப் படிங்க.

தண்ணி: சிறுவாணியா இருந்தாலும், ஆழ்துளைக் கிணறா இருந்தாலும், ஆர்ஓ கேனா இருந்தாலும் கொதிக்க வெச்சு ஆறினதுதான். தளதளன்னு கொதி வந்த பின்னால ஒரு நிமிசம். ஊட்டி மாதிரி 2,000 மீட்டருக்கு மேல இருந்தா 3 நிமிசம், அங்க தண்ணி குறைஞ்ச சூட்டிலேயே கொதிச்சுரும். குடிக்கிறப்ப ஒண்ணும் செய்யாத அமீபா மூக்கு வழியா ஏறினா மூளைக்குப் போகும். கேரளத்துல அமீபா மூளைக்காய்ச்சல் வந்ததை எல்லாரும் செய்தியில பாத்திருப்பீங்க.

உப்பு: ஒரு லிட்டருக்கு 9 கிராம். தூள் உப்புன்னா தலை தட்டின டீஸ்பூன்ல ஒண்ணரை. கல் உப்பை ஸ்பூன்ல அளக்காதீங்க, கல்லுக்குக் கல் இடைவெளி வேற, தராசுல வெக்கோணும். உப்பைத் தண்ணி கொதிக்கறப்பவே போட்டு, வெள்ளைத் துணியில வடிகட்டித் திரும்ப ஒரு கொதி விடுங்க. எரிச்சல் இருந்தா அரை டீஸ்பூன் ஆப்பசோடா சேர்க்கலாம். சலவைச்சோடா இல்லைங்க, ரெண்டையும் மாத்திப் போட்டா மூக்குத் தோல் வெந்துரும். மருந்துக்கடைப் பொட்டலம்னா இந்தத் தொல்லையே இல்லை.

உப்பு கம்மியானா சுருக்குனு குத்தும், அதிகமானா எரியும். சரியான அளவுன்னா ஒண்ணுமே தெரியாது. சூடு, கையில ஊத்தினா இதமா இருக்கிற அளவு.

கழுவுற விதம்: பேசினுக்கு மேல குனிஞ்சு, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடுங்க. பாட்டிலை மெதுவா அமுக்கினா ஒரு மூக்குல போய் இன்னொண்ணு வழியா வரும். பக்கத்துக்கு 100 மில்லி போதும். நடுவுல எச்சில் முழுங்கினா காதுக்குள்ள ஏறும். முடிஞ்சதும் ரெண்டு மூக்கையும் பொத்திச் சிந்தாதீங்க, ஒவ்வொரு பக்கமா லேசா. சுத்தமா அடைச்சுக் கிடக்கறப்ப அழுத்தித் தள்ளக் கூடாது. படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாலயே முடிச்சிருங்க, இல்லைன்னா உள்ளே தங்குன தண்ணி தொண்டைக்கு இறங்கி ராத்திரி இருமல் வரும். ஸ்பிரே இருந்தா கழுவி கால் மணி நேரம் கழிச்சு.

மிச்சத் தண்ணி ஒரு நாளைக்கு மேல ஆகாது. பாட்டிலைத் தினம் வெந்நீர்ல கழுவிக் கவுத்துக் காய வெக்கோணும். காதுல ஓட்டை, மூக்கில சமீபத்துல ஆபரேசன்னா டாக்டரைக் கேக்காம வேண்டாம்.

கரூர்_அம்மிணி:
எல்லாம் சரிதான். நொச்சித் தழை, மஞ்சள் போட்டு ஆவி பிடிச்சா போதுங்கறது எங்க பக்கம். அதை ஒருத்தரும் சொல்லலையே?

மருந்தாளுநர் (கோபி):
பிடிங்கம்மா, இதமா இருக்கும், அடைப்பு கொஞ்ச நேரத்துக்கு விடும். அலர்ஜியையோ கிருமியையோ அது போக்காது. பெரியவங்க பிடிக்கலாம், சின்னக் குழந்தைங்களுக்கு வேண்டாம். குண்டா கவுந்து தொடை வெந்து வர்ற குழந்தைங்க அவசரப் பிரிவுக்குப் புதுசு இல்ல. கற்பூரம், நீலகிரித் தைலம் குழந்தை கைக்கு எட்டக்கூடாது, முழுங்கினா வலிப்பு வரும். ரெண்டு வயசுக்குக் கீழ நெஞ்சு, மூக்குல தைலம் தேய்க்கவே வேண்டாம். ஒரு வயசுக்குள்ள தேனும் ஆகாது.

கரூர்_அம்மிணி:
சரிங்க. மல்லிகை வாசத்துக்கும் தாளிப்பு நெடிக்கும் தும்மறவங்க?

மூச்சுப்பிரிவு செவிலி (கோவை):
நெடி, குளிர் காத்து, வாசனைக்கு மட்டும் ஒழுகுது, அரிப்பே இல்லைன்னா அது அலர்ஜியா இருக்கணும்னு இல்லை. நரம்பு சட்டுனு தூண்டப்படறது. அதுக்கு அலர்ஜி மாத்திரை அவ்வளவா கேக்காது. மெத்தையை மாத்தியும் பிரயோசனம் இல்லை, நெடியைத்தான் குறைக்கோணும், அடுப்படிக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க. ஐயம் இருந்தா ஊசி குத்திப் பாக்கிற தோல் பரிசோதனை இருக்கு. அதுக்கு ஒரு வாரம் முன்னாலயே அலர்ஜி மாத்திரையை டாக்டரைக் கேட்டு நிறுத்தோணும், இல்லைன்னா எல்லாமே ‘இல்லை’ன்னுதான் காட்டும்.

கூடவே, எப்ப வீட்டு வைத்தியத்தை நிறுத்தோணும்: சளி 10 நாளுக்கு மேல குறையாம இருந்தா, குறைஞ்சு வந்தது திரும்ப ஏறினா, முக வலியோட கடுங்காய்ச்சல் மூணு நாலு நாள் நின்னா. சளி மஞ்சளா, பச்சையா இருக்குங்கறதுக்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் வாங்காதீங்க, சாதாரண வைரஸ் சளியே நிறம் மாறும். குழந்தைக்கு ஒரு பக்க மூக்குல மட்டும் நாத்தத்தோட சளி வந்தா உள்ளே புளியங்கொட்டையோ பஞ்சோ இருக்கும். குழந்தை அமைதியா இருக்கறப்ப முழு ஒரு நிமிசம் மூச்சை எண்ணுங்க. ரெண்டு மாசத்துக்குள்ள 60, ஒரு வயசு வரை 50, அஞ்சு வயசு வரை 40. இதை எட்டினாலோ விலாவுக்குக் கீழ குழி விழுந்தாலோ அப்பவே கிளம்போணும்.

வீட்டுல பெரியவங்களுக்கு வீசிங், சர்க்கரை இருந்தா வருசம் ஒரு தடவை ஃபுளூ ஊசி. போட்டு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் எதிர்ப்பு வரும், அதனால புரட்டாசி முடியறதுக்குள்ள போட்டுருங்க.

பல்லடத்தான்:
ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். ரெண்டு சந்தேகம். வீட்டுல இருக்கிறது எல்லாம் அடர் நீலம், கறுப்புப் போர்வை, 60 டிகிரியில சாயம் விடாதுங்களா? அப்புறம் சீமாத்துல கூட்டறப்பதான் எனக்குத் தும்மல் ஜாஸ்தி, அதுக்கு வழி?

மில் சேப்டி (அவிநாசி):
விடும். முதல் ரெண்டு தடவை தனியா முக்குங்க, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் மத்ததோட சேர்க்காதீங்க. இனிமே வாங்கறது வெள்ளையா, வெளிர் நிறமா இருக்கட்டும். வெந்நீருக்கு ஆகாத கம்பளி, பொம்மைன்னா பாலித்தீன் பையில கட்டி ஃபிரீசர்ல ஒரு நாள் முழுக்க வெச்சு, அப்புறம் பச்சைத் தண்ணியில அலசுங்க.

மூச்சுப்பிரிவு செவிலி (கோவை):
கூட்டறதுக்கு முன்னால தரையில ஈரத்துணி ஒரு ஓட்டு ஓட்டிட்டு, அப்புறம் கூட்டுங்க. கூட்டறது வேற யாராச்சும் இருந்தா நல்லது, அரை மணி நேரம் கழிச்சு நீங்க உள்ளே போங்க. பொங்கலுக்கு அட்டாலிச் (பரண்) சாமானை இறக்கறப்ப அந்த என்95-ஐப் போட்டுக்கோங்க.